பித்தப்பையை எடுத்த பிறகு எண்ணெய்க்குப் பயப்பட வேண்டுமா?

74 வயது அம்மாவுக்குச் சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுத்துப் பத்து நாள் ஆகிறது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "இனி ஆயுசுக்கும் எண்ணெய், முட்டை, பால் எதுவும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மாவும் பயந்துபோய் நீர்க்கஞ்சியோடு நிறுத்திக்கொண்டார். நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகிப் போகிறது, பாதி நேரம் படுத்தே இருக்கிறார். எதைக் கொடுக்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கிறீர்கள். எனக்கென்னவோ இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாகத் தோன்றுகிறது. பித்தப்பை இல்லாத உடம்பு கொழுப்பை எப்படிச் சமாளிக்கும் என்பது ஒன்று. அம்மா ஏன் இன்னும் தேறவில்லை என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சுலபம். கவலைப்பட வேண்டியது இரண்டாவதைப் பற்றித்தான்.

அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது பல வருடங்களாக என் வேலை. நான் உணவியல் படித்தவன், அறுவை சிகிச்சை மருத்துவன் அல்ல. ஆகவே சாப்பாட்டையும் உடம்பு தேறுவதையும் பற்றி உறுதியாகப் பேசுவேன். மருந்து, காயம் பற்றிய இடங்களில் உங்கள் மருத்துவரைக் கேட்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சுரக்கும். பித்தப்பை அதைச் சுரப்பதில்லை, சேர்த்துவைத்துக் கெட்டியாக்குவது மட்டும்தான் அதன் வேலை. அதன் கொள்ளளவே 30 முதல் 50 மில்லிதான். கொழுப்புள்ள உணவு சிறுகுடலின் தொடக்கத்தை அடைந்ததும் ஒரு ஹார்மோன் சுரந்து, பை சுருங்கி, சேமித்த பித்தநீர் ஒரேயடியாக வந்து சேரும். பையை எடுத்துவிட்டால் இந்தச் சேமிப்பு இல்லை, அவ்வளவுதான். கல்லீரலிலிருந்து பித்தநீர் நாளம் வழியாக நேராகக் குடலுக்கு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். அளவான கொழுப்பைச் செரிக்க அது போதும். ஒரே வேளையில் பொரித்ததும் வறுத்ததுமாகத் தட்டு நிறையச் சாப்பிட்டால், குறிப்பாக ஆரம்ப வாரங்களில், சிலருக்கு வயிறு உப்பும், கலக்கிக்கொண்டு போகும். அப்படிப் போவது சங்கடமே தவிர ஆபத்தில்லை. கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் உடம்பில் சேராமல் போய்விடும் என்று பயமுறுத்துபவர்களும் உண்டு. பித்தப்பையை மட்டும் எடுத்தவர்களுக்குச் சாதாரணமாக அப்படி ஆவதில்லை.

அப்படியென்றால் எண்ணெய் கூடாது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அறுவைக்கு முன்னால் அது நியாயமான எச்சரிக்கை. பைக்குள் கல் இருக்கும்போது கொழுப்புச் சாப்பிட்டால் பை சுருங்கும், கல் வாயை அடைக்கும், வலி உயிர் போகும். மாதக்கணக்கில் அப்படிப் பயந்து சாப்பிட்டவருக்குக் கல்லையும் பையையும் எடுத்த பிறகும் அந்தப் பயம் மட்டும் மிச்சமிருக்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014-இல் வெளியிட்ட பித்தப்பைக் கல் வழிகாட்டுதல் இதை நேரடியாகவே சொல்கிறது: முன்பு வலியைக் கிளப்பிய உணவையும் பானத்தையும் பையை எடுத்த பிறகு தவிர்க்கத் தேவையில்லை. ஆயுள் முழுக்கக் கொழுப்பை ஒதுக்கினால் நன்மை என்பதற்கு நல்ல ஆதாரம் எதுவும் கிடையாது.

முதல் சில வாரங்களில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது அவ்வளவு தெளிவில்லாத இடம். பல மருத்துவமனைகள் இரண்டு முதல் நான்கு வாரம் கொழுப்பைக் குறைக்கச் சொல்கின்றன, சில எதுவுமே சொல்வதில்லை. ஒரு முறையை விட இன்னொன்று மேல் என்று அடித்துச் சொல்ல முடியாது. நான் சொல்வது நடுவழி: பொரித்த உணவும், வெண்ணெயும் கொழுப்பும் தூக்கலான இறைச்சியும் முதல் இரண்டு மூன்று வாரம் வேண்டாம். சமையலில் சேரும் எண்ணெய் இருக்கட்டும். வேளைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி எண்ணெய் சேர்ந்தால் எதுவும் ஆகிவிடாது. மூன்று பெரிய சாப்பாட்டைவிட ஐந்து சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுத்தால் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கிறது. ஒரு பண்டம் ஒத்துக்கொள்ளவில்லையா, ஒரு வாரம் விட்டுவிட்டுக் கொஞ்சமாகத் திரும்பவும் கொடுத்துப் பாருங்கள். ஒரு தடவை வயிறு கலக்கியதற்காக அதை நிரந்தரமாக ஒதுக்கினால், மூன்று மாதத்தில் சாப்பிடக்கூடிய பண்டங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிடும்.

இனி அம்மாவின் சோர்வு. வயதானவர்களிடம் நான் முதலில் பார்ப்பது தொடையையும் கெண்டைக்காலையும்தான். உடலில் நோயே இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்து அளந்த ஒரு ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. அவர்களுக்கு அறுவையும் நடக்கவில்லை, அவர்கள் பட்டினியும் கிடக்கவில்லை. அம்மாவுக்கோ அறுவை நடந்திருக்கிறது, அதற்கு முன் வலிக்குப் பயந்து குறைவாகச் சாப்பிட்டிருப்பார், இப்போது கஞ்சி, அதோடு படுக்கை. நீர்க்கஞ்சியில் இருப்பது தண்ணீரும் கொஞ்சம் மாவுச்சத்தும். காயம் ஆறவும் தசை மீளவும் தேவையான புரதம் அதில் பேருக்குத்தான் இருக்கிறது. இளவயதுக்காரர் இதைப் பத்து நாளில் ஈடுகட்டிவிடுவார். எழுபதைத் தாண்டியவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கையூன்றாமல் எழ முடியாத நிலைக்கு வந்துவிடலாம். அப்புறம் ஒரு நாள் குளியலறையில் விழுந்தால் பித்தப்பைக் கதை இடுப்பெலும்புக் கதையாகிவிடும். எண்ணெய் ஒரு கரண்டி கூடிப்போவதால் வரும் தொல்லையை இதோடு வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமேயில்லை.

அதனால் இப்போது புரதம்தான் முக்கியம். நோயிலிருந்தோ அறுவையிலிருந்தோ மீளும் முதியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை ஒரு நாளைக்கு வேண்டும் என்பது நிபுணர் குழுக்கள் பரவலாகச் சொல்லும் அளவு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 கிராமிலிருந்து 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7, வெந்த பருப்பு 100 கிராமில் 8 அல்லது 9, தோல் நீக்கிய கோழியோ மீனோ சமைத்தபின் 100 கிராமில் 20-க்கு மேல் இருக்கும். கூட்டிப் பார்த்தால் கஞ்சியால் ஆகாது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். இரவில் மட்டும் மொத்தமாகக் கொடுக்காமல் ஒவ்வொரு வேளையிலும் பிரித்துக் கொடுங்கள்; வயதான தசை ஒரு வேளையில் கணிசமான அளவு புரதம் வந்தால்தான் அதை எடுத்துக்கொள்கிறது. பசியே இல்லை என்பவருக்குத் தட்டில் புரதத்தை முதலில் வையுங்கள், சோறும் ரொட்டியும் பிறகு. முட்டையின் மஞ்சள் கருவை இந்த அறுவைக்காக எறிய வேண்டிய அவசியம் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: சர்க்கரை நீண்ட நாளாக இருப்பவருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருக்க வாய்ப்பு உண்டு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் ஏற்கெனவே கூடியிருக்கிறது, சிறுநீரக மருத்துவரைப் பார்க்கிறார் என்றால் மேலே சொன்ன கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தண்ணீரையும் கவனியுங்கள். வயதாக ஆகத் தாகம் மந்தமாகிவிடும். கேட்டால் வேண்டாம் என்பார்கள். இளகிப் போகும் நாட்களில் உடம்பு வற்றி, எழும்போது தலை சுற்றும். கேட்காமல் கையில் கொடுத்துவிடுவதுதான் வழி. இதயம் பலவீனம் என்று தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

வயிற்றுப்போக்குக்கு வருகிறேன். பித்தப்பையை எடுத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இது வருவது உண்மை. காரணமும் தெரிந்ததுதான். பித்த அமிலங்கள் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்ப வேண்டும். தொடர்ந்து ஒழுகி வருவதில் ஒரு பங்கு பெருங்குடலுக்குத் தப்பிப் போய், அங்கே தண்ணீரைச் சுரக்கவைத்துக் குடலை விரட்டுகிறது. சாப்பிட்டவுடன் அவசரமாகப் போவது, காலையில் அதிகமாக இருப்பது, மஞ்சளாகத் தண்ணீராகப் போவது இதன் சாயல். பலருக்குச் சில வாரங்களில் தானே அடங்கும். கரையும் நார்ச்சத்து உதவும். ஓட்ஸ், வாழைப்பழம், தோல் நீக்கிய ஆப்பிள், தண்ணீரில் ஊறவைத்த இசப்கோல் உமி போன்றவற்றைக் கொஞ்சமாகத் தொடங்கிக் கூட்டலாம். காப்பியையும் காரத்தையும் குறைத்துப் பாருங்கள். பாலால் கூடுகிறதா என்றும் பாருங்கள்; சில நாள் பாலுக்குப் பதில் தயிர் கொடுத்தால் தெரிந்துவிடும். மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் பித்த அமிலத்தைக் கட்டும் கொலஸ்டிரமின் போன்ற மருந்தை மருத்துவர் எழுதக்கூடும். அது மற்ற மாத்திரைகளையும் சேர்த்துக் கட்டிவிடும் குணமுள்ளது. எனவே மற்றவற்றை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ, நாலு முதல் ஆறு மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும். ஏழெட்டு மாத்திரை போடும் முதியவர்களிடம் இது அடிக்கடி கவனிக்கப்படாமல் போகும் விஷயம்.

ஆனால் உங்கள் அம்மாவுக்குப் போவது பித்த அமிலத்தால்தான் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. பத்து நாளில் நான் சந்தேகப்படும் வேறு இரண்டு இருக்கின்றன. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறாரா? அது தனியாகவே வயிற்றை இளக்கும், அதுவும் சரியாகச் சாப்பிடாமல் போட்டால் கூடும். நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். மற்றது, மருத்துவமனையில் கொடுத்த ஆன்டிபயாடிக். அதற்குப் பின் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்துபோன குடலில் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமி பெருகுவது வயதானவர்களிடம் கூடுதல். மூன்று முறை, நான்கு முறை என்று தண்ணீராகவே போய், வயிற்று வலியோ காய்ச்சலோ சேர்ந்தால் மலப் பரிசோதனை செய்தாக வேண்டும். பித்தப்பை எடுத்தால் இப்படித்தான் போகும் என்று தேற்றிக்கொண்டு அந்த நேரத்தில் வீட்டில் இருந்துவிடக் கூடாது. கடையில் கேட்டு வாங்கிய, வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையையும் போடக் கூடாது.

சிலருக்கு இதற்கு நேரெதிராக மலச்சிக்கல் வரும். டிரமடால், கோடீன் வகை வலி மாத்திரைதான் பெரும்பாலும் காரணம். வலி குறையக் குறைய அதை விட்டுப் பாராசிட்டமாலுக்கு மாறலாமா என்று கேளுங்கள். எடை குறைந்த முதியவருக்குப் பாராசிட்டமால் அளவும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை வீட்டில் இருந்த பழைய அட்டையிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். ரத்த அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும் போடுபவருக்கு இவை சிறுநீரகத்தைத் தாக்கும், வயிற்றில் ரத்தக் கசிவையும் உண்டாக்கும்.

சர்க்கரை மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய அளவு இன்சுலினோ கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ போட்டுக்கொண்டு சாப்பாடு பாதியாகிவிட்டால் சர்க்கரை கீழே இறங்கும். முதியவர்களுக்கு வியர்வை, நடுக்கம் என்ற வழக்கமான அறிகுறி வராமல் வெறும் தூக்கக் கலக்கமாகவோ சம்பந்தமில்லாத பேச்சாகவோ அது வெளிப்படலாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் இந்த வாரங்களில் அடிக்கடி பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையை அறுவைக்கு முன் நிறுத்தியிருப்பார்கள். நன்றாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான், அதுவும் மருத்துவர் சொன்ன பிறகுதான், அதைத் திரும்பத் தொடங்க வேண்டும். சரியாகச் சாப்பிடாதபோது அது ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டிவிடும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதாவது இருந்தால் அதை எந்த நாளில் தொடங்குவது என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே போன் செய்து கேளுங்கள்.

நடமாட்டத்தைப் பொறுத்தவரை, காயத்துக்கு ஓய்வு என்ற பெயரில் படுக்க வைக்க வேண்டாம். லேப்ராஸ்கோப்பியில் பொதுவாக நாலு சிறு துளைகள்தான். வயிற்றை உப்பச் செய்ய விட்ட கார்பன் டை ஆக்சைடால் உதரவிதானம் உறுத்தப்பட்டுத் தோள்பட்டை வலித்திருக்கும். அது முதல் சில நாட்களில் போயிருக்கும். இப்போது பத்து நாளில், நாளுக்கு நாலைந்து முறை வீட்டுக்குள்ளேயே ஐந்து பத்து நிமிடம் நடப்பது, ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்பும் நாற்காலியிலிருந்து ஐந்தாறு முறை எழுந்து உட்காருவது, இதிலிருந்து தொடங்கலாம். நாம் கொடுக்கும் புரதம் தசையாக வேண்டுமென்றால் தசைக்கு வேலை இருக்க வேண்டும். காலில் ரத்தம் உறைவதையும் நுரையீரலில் சளி கட்டுவதையும் தடுக்கவும் இது உதவும். கனமான எதையும் நாலு முதல் ஆறு வாரம் தூக்க வேண்டாம் என்பார்கள். அந்தக் கணக்கு அனுபவத்தில் வந்தது, பெரிய ஆதாரம் இல்லை. இருந்தாலும் மீறிப் பார்ப்பதில் லாபமும் இல்லை. வயிற்றைத் திறந்து செய்த அறுவை என்றால் எல்லாமே இதைவிட இரண்டு மடங்கு மெதுவாகத்தான் நடக்கும், வலிக்குப் பயந்து மூச்சை மேலோட்டமாக விடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை எவை என்பதை வீட்டில் எல்லாருக்கும் தெரியும்படி சொல்லிவையுங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்த காப்பி நிறத்தில் போவது, மலம் சுண்ணாம்புபோல வெளுப்பது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் ஆகியவை பித்தநாளத்தில் ஒரு கல் தங்கிவிட்டதைக் காட்டலாம். பையை எடுத்தாலும் நாளத்துக்குள் நழுவியிருந்த கல் இப்படி வெளிப்படுவது உண்டு. வாய் வழியாகக் குழாய் விட்டுச் செய்யும் ஈஆர்சிபி என்ற எண்டோஸ்கோப்பி முறையிலேயே அதை எடுத்துவிடலாம். நாளுக்கு நாள் குறைய வேண்டிய வயிற்று வலி கூடிக்கொண்டே போவது, வயிறு உப்பி வாந்தி வருவது, காயத்தில் சீழ், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீரென்று மூச்சு வாங்குவது ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. முதியவர்களிடம் இன்னொரு சிக்கல், உள்ளே கடுமையான தொற்று இருந்தும் காய்ச்சலே இல்லாமல் போகலாம். சாப்பிட மறுப்பது, வழக்கத்துக்கு மாறான குழப்பம், பகலெல்லாம் தூங்கி வழிவது இவைதான் முதல் தடயமாக இருக்கும். அறுவைக்குப் பிந்தைய மனக்குழப்பம் தானாகவும் வரும். கண்ணாடி, காது கேட்கும் கருவி இரண்டையும் மாட்டிவிடுவதும், பகலில் வெளிச்சமும் இரவில் தூக்கமும் தருவதும் அதைக் குறைக்கும். ஆனால் புதிதாகத் தொடங்கும் குழப்பத்தை வயசாகிவிட்டது என்று சொல்லி விட்டுவிடாதீர்கள்.

சில மாதம் கழித்தும் மேல் வயிற்றில் உப்புசம், நெஞ்செரிச்சல் என்று அம்மா சொன்னால் அறுவை தவறு என்று முடிவு கட்ட வேண்டாம். அவற்றில் பல அறுவைக்கு முன்பே இருந்த அமில மேலேற்றத்தாலோ குடல் எரிச்சலாலோ வருபவை. ஸ்கேனில் கல் தெரிந்ததும் எல்லாப் பழியும் அதன் மேல் விழுந்திருக்கும். அவற்றுக்குத் தனி மருத்துவம் இருக்கிறது. எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்துக் கல்லீரலைக் கழுவலாம் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அதில் கல் என்று வெளியே வருபவை பெரும்பாலும் அந்த எண்ணெயே குடலில் சோப்பாகி உருண்டவை. இளகிப் போய்க்கொண்டிருக்கும் 74 வயதுக்காரருக்கு அது உடம்பை இன்னும் வற்றச் செய்யும்.

இந்த வாரத்துக்கு நான் சொல்வது: எடையை இன்றே பார்த்துக் குறித்துவையுங்கள், வாரம் ஒருமுறை அதே நேரத்தில் பாருங்கள். அறுவைக்கு முன்பிருந்த எடையில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால், மருத்துவமனையின் உணவியல் நிபுணரை நேரில் பார்ப்பது நல்லது. எத்தனை முறை போகிறது, எப்படிப் போகிறது என்பதையும் தேதியோடு எழுதிக்கொண்டு, தையலைக் காட்டப் போகும்போது எடுத்துச் செல்லுங்கள். அப்போது எடுத்த பித்தப்பையின் பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டதா என்றும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நாள்பட்ட அழற்சி என்றுதான் இருக்கும். அரிதாக, ஸ்கேனில் தெரியாத புற்றுநோய் அந்தப் பரிசோதனையில்தான் முதன்முதலாகத் தெரியவரும், அதற்கான வாய்ப்பு வயதோடு கூடுகிறது. பல வீடுகளில் அந்தத் தாள் மருத்துவமனைக் கோப்பிலேயே கிடக்கிறது.